வேட்டுப் போடாத கார்த்திகை

மலையப் பார்க்கத்தானே வந்திருக்கீங்க? சொல்ல வேணாம், தோள்ல தொங்குற கேமராப் பையே சொல்லுது. உக்காருங்க தம்பி, பெஞ்சு நம்ம கடைப் பெஞ்சுதான். லைட்டுப் போட இன்னும் நேரம் கெடக்கு. இந்த ஒரு வருசமா சாயங்காலமானா உங்கள மாதிரி நாலு பேரு பஸ்ஸவிட்டு எறங்கி நேரா எங்கிட்டத்தான் வாராய்ங்க. இந்தக் கோட்டைக்கரட்டு மலைய எங்க நின்னு பார்த்தா நல்லாத் தெரியும்னு கேக்குறாய்ங்க. எங்கிட்ட! எரியுற வீட்டுக்காரன்கிட்டப் போயி பீடிக்கு நெருப்புக் கேட்ட மாதிரி.

ஒண்ணும் தெரியாது. இருட்டுதான் தெரியும். இருட்டப் பார்க்கவா அம்புட்டுத் தூரத்துலருந்து கெளம்பி வந்தீங்க? கண்ண மூடுனா உங்க வீட்லயே தெரிஞ்சிருக்குமே, பஸ்ஸுச் செலவு மிச்சம்.

கோவிச்சுக்கிடாதீங்க. என் வாய் அப்படி. தலைக்கு மேல போர்டு இருக்கு பாருங்க, மாயன் லைட் செட். அந்தக் காசிமாயன் நான்தான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எதுன்னாலும் இந்தப் பக்கத்துல நம்ம லைட்டுதான். இருபது வருசத்துக்கு மேல அந்த மலையும் என் கையிலதான் இருந்துச்சு. நீங்க அப்ப வந்திருக்கணும். அடிவாரத்துலருந்து கோட்டைச் சுவர் வரைக்கும் சீரியல் செட்டு தண்ணியா ஓடும். சுவர் மேல பச்ச, செவப்பு, ஊதான்னு மாறி மாறி அடிக்கும். குகைக்கோயில் வாசல்ல சக்கரம் சுத்தும். உச்சியில, தீபக் கொப்பரைக்குப் பின்னாடி, ரெண்டு ஆள் ஒசரத்துக்கு ஒரு மயிலு. தோகைய விரிக்கும், மடக்கும், விரிக்கும், மடக்கும். நத்தம் ரோட்டுல போற லாரிக்காரன் வண்டிய நிப்பாட்டிப் பார்ப்பான். யாருய்யா போட்டதுன்னு கேப்பான். மாயன் போட்டதுன்னு சொல்லுவாய்ங்க.

அந்த மயிலு இப்ப எங்க இருக்கு தெரியுமா? கடைக்குப் பின்னாடி, சாக்கப் போட்டு மூடி வச்சிருக்கேன். எலி கடிக்குது.

எங்க ஊரு வழக்கம் ஒண்ணு சொல்றேன், அப்பத்தான் உங்களுக்கு என் வயித்தெரிச்சல் புரியும். கார்த்திகைக்கு உச்சிக் கொப்பரையில பூசாரி தீபம் ஏத்துவாரு. அதப் பார்த்த பொறகுதான் சுத்துப்பட்டு ஊர்ல எல்லாம் வீட்டு வாசல்ல விளக்கு ஏத்தணும். அதுக்கு முன்னாடி ஒரு அகல் எரியக் கூடாது. பொம்பளைங்க தட்டுல அகலையும் திரியையும் வச்சுக்கிட்டு மலையப் பார்த்து நிப்பாக. நான் மொதமொதல்ல லைட்டுப் போட்ட வருசம் ஒரு கூத்தாகிப் போச்சு. பூசாரி தீபம் ஏத்திட்டுக் கீழ எறங்கியே வந்துட்டாரு, ஊரு சனம் இன்னும் தட்டோட நிக்கிது. ஒருத்தருக்கும் தெரியல. என்னடா இது, சாமி குத்தமாகிப் போச்சேன்னு எல்லாரும் முழிக்கிறாய்ங்க. யாருக்கு மூளை வேலை செஞ்சுச்சு? எனக்குத்தான். அடுத்த வருசத்துலருந்து தீபம் ஏத்துன ஒடனே உச்சியில ஒரு வேட்டு. டமார்னு ஒண்ணு. கண்மாய்க்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கும். வேட்டுச் சத்தம் கேட்டா விளக்கு ஏத்து. அம்புட்டுத்தான். இன்னிக்குச் சின்னப் புள்ளைகளக் கேட்டாலும் வேட்டுத்தான் கார்த்திகைன்னு சொல்லும். நான் கொண்டாந்த வழக்கம் தம்பி அது.

கண்மாய்க்கு அந்தப் பக்கம்னு சொன்னேன்ல, அங்கதான் எங்க அக்கா இருக்கு. செவனம்மா. சின்ன வயசுல காய்ச்சல் வந்து ரெண்டு காதும் போச்சு. ஆத்தா அப்பன் இல்லாத என்னய இடுப்புலயே வச்சு வளத்தது அதுதான். கேக்காத காதுக்குத் தோடு எதுக்குன்னு சைகையில சொல்லிட்டு, அதக் கழட்டிக் கொடுத்துத்தான் என் மொத ஜெனரேட்டரு வந்துச்சு. நான் நன்றி கெட்டவன் இல்ல. வேட்டு வந்ததும் மொதல்ல அக்காவத்தான் நெனச்சேன். அதுக்குக் கேக்காதே. அதனால பக்கத்து வீட்டுப் புள்ளைகிட்டச் சொல்லி வச்சேன்: வேட்டுச் சத்தம் கேட்டதும் ஓடிப்போயி அக்கா தோளத் தட்டணும். அந்தப் புள்ளையக் கட்டிக்கொடுத்துட்டா அவ தங்கச்சி தட்டுவா. ஒரு வருசம் தப்பல. எந்தத் தம்பி செய்வான் இப்படி?

இது எல்லாத்துலயும் மண்ணள்ளிப் போடத்தான் அந்தம்மா வந்துச்சு. போன வருசம் ஆடி மாசம். சுகந்தின்னு பேரு, பஞ்சாயத்துல கூப்பிட்டு வந்தது. பழைய கோட்டை, குகை, அருவி, காடு, இந்த மாதிரி எடத்துக்கு எப்படி வெளிச்சம் போடணும்னு படிச்சிருக்காம். அதுக்கு ஒரு படிப்பு. சரி, வந்த ஆளு லைட்டத்தானே போடணும்? ஒரு வாரம் ஒரு லைட்டும் போடல. பொழுது எறங்குனா கண்மாய்க் கரையில போயி உக்காந்துக்கிடும். மலையப் பாக்கும். டீக்கடைக்காரன்கிட்ட ட்யூப்லைட்ட அமத்தச் சொல்லும். திரும்பவும் பாக்கும். என்னம்மா பாக்குறீகன்னு கேட்டா, இருட்டு எங்கெங்க இருக்குன்னு பாக்குறேங்குது. இருட்டு எங்க இருக்குன்னு தேடுறதுக்குச் சம்பளம்! எங்க ஊருல கோழி திருட வாரவன்தான் அதப் பார்ப்பான்.

பொறகு எங்கிட்ட வந்துச்சு. இதே பெஞ்சுல, நீங்க உக்காந்திருக்கிற எடத்துலதான் உக்காந்துச்சு. டீ வாங்கிக் கொடுத்தேன், வீட்டுக்கு வந்தவுகள வெறுங்கையா அனுப்புற பழக்கம் இல்ல. மெதுவாத்தான் பேசுச்சு.

"அண்ணே, தீபம் ஏத்துனதும் வேட்டுப் போடுறீங்களாமே, எதுக்கு?"

"தீபம் ஏத்தியாச்சுன்னு சனத்துக்குத் தெரியணும்ல."

"தீபத்தப் பார்த்தாத் தெரியாதா?"

"இம்புட்டு லைட்டுல தீபம் எப்படிம்மா தெரியும்?"

அந்தம்மா டீய வச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பார்த்துச்சு. வாயடைச்சுப் போச்சு. படிச்சவுகளாச்சேன்னு நானும் மேற்கொண்டு மடக்கல.

அப்புறம்தான் விசயத்த எடுத்துச்சு. மயிலு வேணாமாம். சீரியல் வேணாமாம். கலரே வேணாமாம். உச்சியில ஒரு பொட்டு வெளிச்சம் இருக்கக் கூடாதாம், அது தீபத்தோட எடமாம். குகைக்குள்ள லைட்டே கிடையாதாம், உள்ள வௌவால் இருக்காம். வௌவால் ஓட்டுப் போடுதா, வரி கட்டுதா? கோட்டைச் சுவருக்கு மட்டும் அடியில கல்லுக்குப் பின்னாடி சின்னச் சின்ன லைட்டு, அதுக்கும் தலையில மூடி. பல்பு கண்ணுல படக் கூடாது, வெளிச்சம் மட்டும்தான் தெரியணும்னுச்சு. நான் கேட்டேன், பல்பே தெரியலேன்னா போட்டது யாருன்னு எப்படித் தெரியும்? அதுக்கு அந்தம்மா சிரிச்சுக்கிட்டே, தெரியவேணாம்ணே, கோட்டை தெரிஞ்சாப் போதும்ங்குது. வேலைய நானே எடுத்துச் செய்யணுமாம், எந்தப் பாறைச் சந்துல ஒயரு போகும்னு எனக்குத்தான் தெரியுமாம். என் மயிலக் கழட்டிப் போட்டுட்டு எனக்கே கூலி! போம்மா, வேற ஆளப் பாருன்னு டீ கிளாஸ வாங்கிக் கழுவி வச்சேன்.

கோயில் மண்டபத்துல ஊர்க் கூட்டம் போட்டாய்ங்க. எனக்கு நம்பிக்கை இருந்துச்சு தம்பி. ஊருல பாதிப் பேரு கல்யாணத்துக்கு நான்தான் லைட்டுப் போட்டிருக்கேன். பஞ்சாயத்துத் தலைவரு எந்திரிச்சு, மலைய அந்தம்மா சொல்ற மாதிரி விட்டுப் பார்ப்போம், இந்தக் கார்த்திகைக்கு மயிலும் வேணாம் வேட்டும் வேணாம்னாரு. நான் விடுவேனா? வேட்டு இல்லாட்டி தீபம் ஏத்துனது எப்படித் தெரியும், யாராவது சொல்லுங்கன்னு சத்தம் போட்டேன். அப்ப பொம்பளைங்க பக்கத்துலருந்து ஒரு ஆளு எந்திரிச்சுச்சு. யாரு? எங்க அக்கா.

அக்கா கூட்டத்துல எந்திரிச்சு நான் பார்த்ததே இல்ல. பேச்சும் கேக்காது, என்ன நடக்குதுன்னும் முக்காவாசி தெரியாது. எந்திரிச்சு மொதல்ல காதத் தொட்டுக் கைய விரிச்சுச்சு. அப்புறம் கண்ணத் தொட்டுச்சு. அப்புறம் மலை உச்சியக் காட்டுச்சு. அப்படியே தோள்ல ரெண்டு தட்டுத் தட்டிக் காட்டிட்டு, வேணாம்னு தலைய ஆட்டுச்சு. அம்புட்டுத்தான். பூசாரி துண்டால கண்ணத் தொடைக்கிறாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அந்தம்மா கண்மாய்க் கரையில உக்காந்திருந்துச்சே, அங்கதான் அக்காவப் பிடிச்சிருக்கு. சைகையிலயே என்னத்தையோ சொல்லி மனசக் கலைச்சிருக்கு. கூடப் பொறந்ததே ஊரு முன்னாடி எனக்கு எதிரா நிக்கிது. வேணாமாம்! இருபது வருசம் நான் செஞ்சு வச்ச ஏற்பாடு வேணாமாம்!

அன்னியிலருந்து அக்கா வீட்டுப் பக்கம் நான் போறதில்ல.

சும்மா இருந்துட்டேன்னு நெனைக்காதீங்க. அந்தம்மா லைட்டு எல்லாம் வச்சு, மொதமொதல்ல எரியவிட்டுப் பார்க்கிற அன்னிக்கு நானும் பொழுது எறங்குனதும் எங்க வீட்டு மாடிக்கு ஏறுனேன். கட்சி மாநாட்டுக்கு வச்சிருந்த பெரிய மெட்டல் லைட்டு ரெண்டு. மலையப் பார்த்துத் திருப்பி வச்சேன். போட்டேன். மலை அப்படியே வெளுத்துப் போச்சு. அந்தம்மா வச்ச மினுக்கட்டாம் பூச்சி லைட்டெல்லாம் போன எடம் தெரியல. தலைவரு ஆளுகளக் கூட்டிக்கிட்டு அடிக்க வாரமாதிரி வந்தாரு. அந்தம்மாதான் கையக் காட்டி நிப்பாட்டுச்சு. அண்ணே, கொஞ்சம் மலை மேல வந்துட்டுப் போங்கன்னு கூப்பிட்டுச்சு. பயந்துட்டேன்னு நெனைக்கக் கூடாதேன்னு போனேன்.

குகைக்கு எடது பக்கம் ஒரு பாறை இருக்கு. நெட்டுக்குத்தா, சுவரு மாதிரி. அதுக்கு முன்னாடி நிக்க வச்சு, உங்க லைட்டுதான் அடிக்குது, இதுல என்னண்ணே தெரியுதுன்னு கேட்டுச்சு. பாறை தெரியுது, வெள்ளையா, பளிச்சுன்னு தெரியுதுன்னேன். இப்ப அத ஒரு நிமிசம் அமத்தச் சொல்லுங்கன்னுச்சு. போன் அடிச்சு வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன். அமந்துச்சு. அந்தம்மா பாறைக்குப் பக்கவாட்டுல, தரையோட தரையா, ஒரு கை லைட்டுதான் வச்சுச்சு. வெளிச்சம் பாறைய ஒரசிக்கிட்டே போகுது.

யானை.

பாறையில யானை நிக்குது தம்பி. வந்திருந்த பூசாரி கீழ விழுந்து கும்பிட்டாரு. அந்தக் காலத்துல லேசாச் செதுக்குனதாம், நேரா வெளிச்சம் அடிச்சாத் தெரியாதாம், பக்கத்துலருந்து அடிச்சாத்தான் நெழல் விழுந்து தெரியுமாம். கதை! இருபது வருசம் நான் வெளிச்சம் அடிச்ச பாறை. அதுல யானை இருந்தா எனக்குத் தெரியாமப் போயிருமா? ஆள வச்சுச் செதுக்கிருக்கணும். எப்பச் செதுக்குனாய்ங்க, யாரு செதுக்குனாய்ங்கன்னுதான் இன்னும் கண்டுபிடிக்க முடியல. கண்டுபிடிப்பேன்.

நல்லாத்தான் செதுக்கியிருக்கான், அதையும் சொல்லணும். முன்னங்கால் ஒண்ணு தூக்குன மாதிரி இருக்கும், நடக்கிற யானை. வலது காதுல சின்னதா ஒரு விரிசல். பின்னாடி ஒரு குட்டி இருக்கு, தாயி வாலப் பிடிச்சுக்கிட்டே போகுது. இப்பத் தெனமும் அதுக்கும் லைட்டுப் போடுறாய்ங்க, ஆனாலும் குட்டிய நெறையப் பேரு பார்க்காமலே போயிருவாய்ங்க. கடைத்தெரு லைட்டெல்லாம் அமந்த பொறகுதான் அது கண்ணுக்கு அகப்படும், அதுவும் கொஞ்ச நேரம் வெறிச்சுப் பார்க்கணும். நான் பார்த்ததில்ல. சொன்னாய்ங்க.

கார்த்திகைக்கு வாரேன். அன்னிக்கு நடந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாது.

மலைய நான் ஏறெடுத்துப் பார்க்கிறதில்லன்னு சபதம். நாற்காலிய மலைக்கு முதுகு காட்டிப் போட்டு, கடையில உக்காந்தேன். என் மலையத்தானே எடுத்தாய்ங்க, கடை என்னுதுதானேன்னு, இருக்கிற சீரியல் செட்டு அம்புட்டையும் கடை முகப்புல கட்டிட்டேன். மேசை மேல ஒரு அகல், எண்ணெய் ஊத்தி, திரி போட்டுத் தயாரா வச்சிருந்தேன். லைட்டுக்காரனா இருந்தாலும் கார்த்திகை கார்த்திகைதானே. பொழுது எறங்குச்சு. பட்டுன்னு ஊரு முழுக்கக் கரண்டு போச்சு. போகல, அமத்திட்டாய்ங்க. தீபம் தெரியணும்னு அந்தம்மா கேட்டு, கொஞ்ச நேரத்துக்கு ஊரையே அமத்திட்டாய்ங்க. இந்தக் காசிமாயன் கடைய இருட்டாக்க எவனுக்குத் தைரியம்? ஜெனரேட்டரப் போட்டேன். ஊருல என் கடை ஒண்ணுதான் ஜகஜோதியா எரியுது.

உக்காந்திருக்கேன். வேட்டு வேணாம்னு கூட்டத்துல சொன்னாய்ங்கதான். ஆனா எனக்குத் தெரியும் தம்பி, கடைசி நேரத்துல போட்டுத்தான் ஆகணும். போடாம எப்படி? சனத்துக்கு எப்படித் தெரியும்? ஜெனரேட்டர் போடுற சத்தத்துல வேட்டுச் சத்தம் தவறிப் போயிருமோன்னு காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். தீப்பெட்டி கையில இருக்கு. வேட்டு வரல. வீட்டுக்காரி போன் அடிச்சிருக்கா, எரைச்சல்ல அது எங்க கேக்குது? பூசாரிக்குக் காலு வழுக்கிருச்சோ, காத்துல திரி பத்தலையோன்னு எனக்குப் பதட்டம் வேற. என்ன இருந்தாலும் ஊரு தீபம். வெளியில எட்டிப் பார்க்கலாம்னா, கடை வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் கறுப்பாத்தான் தெரியுது.

அப்ப என் தோள்ல ஒரு கை.

ரெண்டு தட்டு. மெதுவா.

திரும்புனேன். அக்கா. கண்மாய்க் கரை மேலயே நடந்து வந்திருக்கு, காலெல்லாம் சேறு. ஒரு கையில அகல் எரியுது, முந்தானையால காத்த மறைச்சுப் பிடிச்சிருக்கு. மூஞ்சி முழுக்கச் சிரிப்பு. அக்கா அப்படிச் சிரிச்சு நான் பார்த்தே எத்தனையோ காலமாச்சு. தன் கண்ணத் தொட்டுக் காட்டுச்சு. உச்சியக் காட்டுச்சு. தானே பார்த்துச்சாம், ஒருத்தரும் தட்டலையாம், தானே பார்த்து ஏத்துச்சாம். அப்புறம் என் பின்னாடி பாருன்னு கைய நீட்டுது. கடை வெளிச்சத்தத் தாண்டி வந்து பார்த்தா, தெரு முழுக்க விளக்கு. எல்லா வாசல்லயும் எரியுது. எம்புட்டு நேரமா எரியுதோ தெரியல. ஊருல ஏத்தாத அகல் என் மேசை மேல இருக்கிற அகல் ஒண்ணுதான்.

உச்சிய நான் பார்க்கல. சபதம் சபதம்தான். அக்கா தன் அகல்ல இருந்து என் அகலப் பத்த வச்சிட்டு, என் தலையத் தடவிட்டு, வந்த வழியே போயிருச்சு.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. தட்டுது தம்பி, என்னய! காது கேக்காதவனத் தட்டுற மாதிரி, கண்ணு தெரியாதவனத் தட்டுற மாதிரி. ரெண்டு காதும் நல்லாக் கேக்குற மனுசன் நான். வேட்டுப் போட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்காதா? போடலேன்னா நான் என்ன பண்ணுவேன்? இதெல்லாம் அந்தம்மாவால வந்தது. அந்தம்மாவ நான் மன்னிக்க மாட்டேன். அக்காவ மன்னிக்கிறதா இல்லையான்னு இன்னும் முடிவு பண்ணல. அக்காகூட நான் பேசுறதில்ல. பேசுனாலும் அதுக்குக் கேக்காது, அது வேற விசயம்.

இந்தக் கார்த்திகைக்கு விட மாட்டேன். சிவகாசிக்கு நானே போயி வேட்டு வாங்கி வச்சிருக்கேன், பெருசு. மாடியில வச்சு நானே போடப் போறேன். எவன் தடுக்கிறான்னு பார்ப்போம். ஒரே ஒரு சிக்கல்தான். தீபம் ஏத்துன அந்த நிமிசத்துக்குப் போட்டாத்தானே வேட்டுக்கு மரியாதை? முந்தியும் போடக் கூடாது, பிந்தியும் போடக் கூடாது. நானோ மலைய ஏறெடுத்துப் பார்க்க மாட்டேன். அப்ப, மலையப் பார்த்துக்கிட்டே நிக்க ஒரு ஆளு வேணும். ஏத்துன ஒடனே என்னயத் தட்டணும். நம்பிக்கையான ஆளா இருக்கணும், கண்ணும் கூர்மையா இருக்கணும்.

அப்படிப் பார்த்தா ஊருல அக்கா ஒண்ணுதான் இருக்கு. அதக் கூப்பிடுறது எப்படின்னுதான் யோசிக்கிறேன். நாந்தான் பேசுறதில்லையே.

சரி, எந்திரிச்சு அந்தக் கம்பத்துக்கிட்டப் போயி நில்லுங்க. மலையில லைட்டுப் போடுற நேரமாச்சு. இங்கன நின்னா என் கடை வெளிச்சம் கண்ணுல அடிக்கும். இருங்க, நானே அமத்துறேன்.